பனியிடியின் அம்மா

லுத்விகா கலெவ்ஸ்கிக்கு ஆங்கிலம் பேச வரும். படிக்கத்தான் சோம்பல் என்று சொல்லிக்கொள்வாள். மகன் தியோடர் நியூயார்க்கிலிருந்து மாதாமாதம் அனுப்புகிற சித்திரக்கதைப் புத்தகங்களை உறை பிரிக்காமலே துணி அலமாரியின் அடித்தட்டில் அடுக்கி வைப்பாள். முதன்முதலில் வந்த ஒன்றை மட்டும் பிரித்தாள். அட்டையில் உடைந்த பனிப்பாளமும் அதற்கு நடுவே கறுத்த தண்ணீரும் போட்டிருந்தது. அப்படியே மூடி வைத்தவள், அதற்குப் பிறகு எதையும் தொடவில்லை. சோம்பல் என்பது மற்றவர்களுக்குச் சொல்கிற காரணம்.

அவள் இருக்கிற மில்வாக்கி நகரின் தெற்குப் பக்கத்தில் பனியிடியைத் தெரியாத பிள்ளை கிடையாது. சித்திரக்கதை நாயகன்; கொட்டும் பனியில் இடி இறங்கி அதனால் சக்தி வந்தவன். நீலச் சட்டை, வெள்ளை அங்கி, இரண்டு கையையும் சேர்த்துத் தட்டினால் மலை பிளந்துவிடும். துணிக்கொடியில் காய்கிற வெள்ளைத் துண்டை உருவிக் கழுத்தில் கட்டிக்கொண்டு பையன்கள் தெருவில் ஓடுவார்கள். அதையெல்லாம் எழுதுகிற டெட் கேல் என்பவன், தங்கள் தெரு ரொட்டிக் கடையில் நின்று வியாபாரம் பார்க்கிற கிழவியின் மகன் என்று அவர்களில் யாருக்கும் தெரியாது. நியூயார்க் போனதும் தியோடர் பெயரை நறுக்கிச் சுருக்கிக்கொண்டிருந்தான். அவளும் யாரிடமும் சொன்னதில்லை.

அந்த வருஷம் மார்ச் மாதம் பனியிடியின் முதல் கதையை மறுபடி அச்சடித்து விட்டார்கள். பள்ளிக்கூடம் விட்டதும் மார்லினும் அவள் தம்பி டென்னிஸும் அதைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தார்கள். ஆளுக்கொரு ஜாம் பன்னை வாங்கிக்கொண்டு கண்ணாடி அலமாரியில் சாய்ந்து நின்று சண்டை போட்டார்கள்.

"அப்ப யாரு அவனுக்குச் சாப்பாடு போட்டா? அதைச் சொல்லு மொதல்ல," என்றாள் மார்லின்.

"அவன் பனியிடி. அவனுக்கெல்லாம் பசிக்காது."

"பசிக்காதா? ஆறாம் பக்கத்தைப் பாரு. சாண்ட்விச் தின்னுட்டு இருக்கான். பன்னெண்டு வயசுப் பையன், யாருமில்லாத கலங்கரை விளக்கத்துல தனியாக் கெடக்கறான். அந்த சாண்ட்விச்சை யாரு பண்ணிக் குடுத்தா? அங்க அடுப்பு கூட இல்ல."

"சாண்ட்விச்சுக்கு எதுக்கு அடுப்பு? மண்டு!"

"நீதான் மண்டு. எட்டாம் பக்கத்துல மலையையே பொளக்கறான். நாலாம் பக்கத்துல தம்பி விழுந்த பனியை அவனால ஒடைக்க முடியலையாம். எப்பிடி?"

"அப்ப சக்தி முழுசா வரலை."

"அப்பிடின்னு எங்க எழுதியிருக்கு? உன் நெத்தியிலயா?" மார்லின் ஜாம் விரலை நக்கிவிட்டுப் பக்கத்தைத் திருப்பினாள். "அதையெல்லாம் கூட விட்டுர்றேன். இந்த அம்மாவைப் பாரு. பிள்ளைங்க ரெண்டு பேரும் ஏரிப் பக்கம். இவ எந்தப் பக்கம் போறா? அந்தப் பக்கம்! முதுகைக் காட்டிட்டு. அதுக்கப்புறம் ஆளையே காணோம். இத்தனை புத்தகம் வந்துருச்சு, ஒண்ணுல கூட இல்ல."

"செத்திருப்பா."

"செத்தா வரையாம விடுவாங்களா? அம்மா செத்தா இவங்களுக்கு அல்வா சாப்பிட்ட மாதிரி. ஒரு பக்கம் முழுக்க வரைவாங்க, மழை வேற பெய்யும். இவ சாகல. சும்மா போயிட்டா. என்ன அம்மாவோ!"

லுத்விகா ரொட்டி சுற்றிக்கொண்டிருந்த கையை நிறுத்தினாள்.

"அதை இங்க கொஞ்சம் காட்டு, கண்ணு."

"ஐயோ, மாவுக் கை, மிசஸ் கலெவ்ஸ்கி!"

அவள் இடுப்புத் துணியில் இரண்டு கையையும் துடைத்துக்கொண்டு மறுபடி நீட்டினாள். மார்லின் அரை மனதோடு கொடுத்தாள். நாலாம் பக்கத்தின் கடைசிக் கட்டம். மயங்கிய சாயங்கால வெளிச்சம். கரையில் நனைந்து நிற்கிற ஒரு பையன். அவனுக்கு அப்பால், சின்னதாக, பின்னலைத் தலையைச் சுற்றிக் கட்டிய ஒரு பெண்ணின் முதுகு.

"கோடைக்கால ஸ்பெஷல்ல எல்லா ஓட்டையையும் அடைக்கப் போறாங்களாம்," என்றான் டென்னிஸ், வாய் நிறைய பன்னோடு. "வாசகர் பக்கத்துல போட்டிருக்கான். அம்மா எங்க போனான்னும் சொல்லுவான்."

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் லுத்விகா அலமாரியின் அடித்தட்டிலிருந்து அந்த முதல் புத்தகத்தை எடுத்தாள். சமையலறை மேஜையில் வைத்து, உதட்டை அசைத்து, எழுத்துக் கூட்டிப் படித்தாள். முதல் பக்கத்தில் அந்த அம்மா துணி துவைத்துக்கொண்டிருந்தாள். காலடியில் சுற்றிச் சுற்றி வந்த பையன்கள் இருவரையும் வெளியே போய் விளையாடச் சொன்னாள். இரண்டாம் பக்கத்தில் சின்னவனுக்குக் கழுத்துத் துண்டை இறுக்கிக் கட்டினாள். அந்தத் துண்டு சிவப்பு. அதைக்கூடத் தியோடர் மறக்கவில்லை.

நிஜத்தில் நடந்தது ஏரியில் இல்லை, பூங்காக் குளத்தில். இடியும் இடிக்கவில்லை. பனி தளர ஆரம்பித்திருந்த ஒரு பிற்பகல், அவ்வளவுதான். சின்னவன் பெனெக்குக்கு ஏழு வயது. பூட்ஸ் காலோடு சறுக்கிக்கொண்டு நடுவில் போனான். தியோடர் குப்புறப் படுத்து, ஊர்ந்து ஊர்ந்து போய், தன் மேல்சட்டையைக் கழற்றி வீசியிருக்கிறான். அது எட்டவில்லை. இரண்டாவது முறை வீசியபோது அவனுக்குக் கீழேயும் பனி உடைந்தது. அவனை ஏணி போட்டு எடுத்தார்கள். பெனெக்கை எடுக்க நேரமாயிற்று.

லுத்விகா ஓடி வந்து சேர்ந்தபோது ஒரு தீயணைப்புக்காரர் பெனெக்கைத் தோளில் போட்டிருந்தார். ஒரு காலில் பூட்ஸ் இல்லை. அந்தக் காலைத் தன் கைக்குள் பொத்திக்கொண்டு, அந்த ஆளுக்கு ஈடாக நடந்து, வீடுவரை போனாள். பெரியவன் கரையில் யாரோ கொடுத்த கம்பளியைப் போர்த்திக்கொண்டு நின்றிருந்தான். அவனை இருட்டிய பிறகு பக்கத்து வீட்டுக்காரி கூட்டிவந்து விட்டாள்.

அடக்கம் முடிந்து கொஞ்ச நாளில் லுத்விகா சிக்காகோவில் இருந்த தங்கை வீட்டுக்குப் போனாள். ஒரு வாரம் இருந்துவிட்டு வருகிறேன் என்று புருஷனிடம் சொன்னாள். அந்த வாரம் ஒரு வருஷத்துக்கும் மேலாக நீண்டது. திரும்பி வந்தபோது தியோடருக்குக் குரல் உடைந்திருந்தது. அவனே உருளைக்கிழங்கு உரிக்கவும் அப்பாவின் பட்டறைச் சட்டையைத் துவைக்கவும் பழகியிருந்தான். "வா அம்மா," என்றான். அதைப் பற்றி அந்த வீட்டில் யாரும் எந்தக் காலத்திலும் பேசவில்லை. புருஷனும் பேசாமலே போய்ச் சேர்ந்தான்.

அவள் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தது ஒன்றுதான்: தியோடர் சின்னப் பையன், நடுங்கிப்போய் நின்றான், எதைப் பார்த்திருக்கப் போகிறான் என்று. பார்த்திருக்கிறான். அவள் தலைப் பின்னலின் முடிச்சு வரைக்கும் சொல்லி வரைய வைத்திருக்கிறான்.

வெள்ளிக்கிழமை கடையில் சொல்லிக்கொண்டு ரயில் ஏறினாள்.

நியூயார்க்குக்கு அவள் அதுவரை போனதில்லை. சனிக்கிழமை மத்தியானம் மூன்றாவது மாடியில் கதவைத் திறந்த தியோடர் கையில் பென்சிலோடு அப்படியே நின்றுவிட்டான். நாற்பது வயது, தலை பாதி வழுக்கை.

"அம்மா? யாராவது செத்துட்டாங்களா?"

"யாரும் சாகலை. உள்ள விடுவியா, மாட்டியா?"

பையிலிருந்து ரை தானிய ரொட்டியையும் கசகசா கேக்கையும் எடுத்து வைத்தாள். அவன் வீட்டு அடுப்பைப் பார்த்து முகம் சுளித்தாள். அரை மணியில் முட்டைக்கோஸும் தொத்திறைச்சியும் கொதிக்கிற மணம் அந்த வீட்டுக்கு வந்தது. மேஜை முழுக்கக் காகிதம். டைப்ரைட்டரைச் சுற்றிலும் கசக்கிப் போட்ட தாள்கள். அவற்றை ஒதுக்கித் தட்டு வைத்தாள்.

"ரொம்ப வேலையா?"

"ஸ்பெஷல் ஒண்ணு. திங்கக்கிழமை குடுத்தாகணும்." தியோடர் ஆவலாகச் சாப்பிட்டான். "அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி நான் எழுதினதுல ஆயிரம் ஓட்டையாம். வாசகருங்க எழுதித் தள்றாங்க. எடிட்டர் எல்லாத்தையும் அடைச்சே ஆகணும்ங்கறாரு. அடைச்சுட்டேன். சக்தி ஒரு மணி நேரம் கழிச்சுத்தான் வந்துதுன்னு வெச்சுட்டேன். கலங்கரை விளக்கத்துக்கு ஒரு கெழவனைப் போட்டுட்டேன், அவன் சமைச்சுப் போடுவான்."

"அப்ப என்ன மிச்சம்?"

அவன் ரொட்டியைப் பிய்த்தான். "ஒண்ணுமில்ல. சின்ன விஷயம்."

"அந்த அம்மாவா?"

தியோடர் மெல்லுவதை நிறுத்தினான்.

"படிச்சேன்," என்றாள் லுத்விகா. "கடைக்கு வர்ற பிள்ளைங்க பேசிக்கிட்டாங்க. அந்த அம்மா ஏன் அந்தப் பக்கம் போறான்னு."

"அது படம் போட்டவன் பண்ணின தப்பும்மா. நான் ஏரிப் பக்கம் திரும்பித்தான் வரையச் சொன்னேன். அவன் மாத்திப் போட்டுட்டான்."

"தியோஷ்."

அவள் அந்தச் செல்லப் பெயரால் கூப்பிட்டு எத்தனையோ காலமாகியிருந்தது. அவன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நீ அப்ப எங்க நின்னே?"

"படகுக் கொட்டகைப் பக்கத்துல."

"எதுவும் சொன்னியா?"

"விடும்மா. சாப்பிடு."

"சொன்னியான்னு கேக்கறேன்."

"கூப்பிட்டேன்," என்றான் தியோடர். "ரெண்டு மூணு தடவை கூப்பிட்டேன். ஒரே கூட்டம், சத்தம். உனக்குக் கேட்டிருக்காது."

"கேட்டுச்சு."

கீழே தெருவில் யாரோ காரின் ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

"திரும்பினா நீ நிப்பேன்னு தெரியும்," என்றாள் லுத்விகா. "நீ மட்டும் நிப்பே. அதைப் பாக்க எனக்குத் தெம்பு இல்ல. வீட்டுக்குப் போயிட்டு உன்னைப் பாத்துக்கலாம்னு நெனச்சேன். வீட்டுலயும் முடியல. உன் மூஞ்சில அவன் ஜாடை. நீ பேசினா அவன் பேசற மாதிரி இருக்கும். அதான் சிக்காகோவுக்குப் போனேன். ஒம்மேல கோவம்னு நீ நெனச்சிருப்பே."

"நெனச்சேன்."

"கோவம் இல்லடா."

"சரிம்மா."

"நீ சட்டையைக் கழட்டி வீசினியே. அந்தக் குளிர்ல. அதை நான் ஒரு நாளும் உங்கிட்ட..." எழுந்துபோய், அடுப்பு அணைந்திருந்தபோதும், கரண்டியை எடுத்துப் பாத்திரத்தைக் கிளறினாள். தியோடர் எழுந்து வரவில்லை. முதுகுக்குப் பின்னால் அவன் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. பிறகு தண்ணீர் குடித்தான்.

கொஞ்ச நேரம் கழித்து அவனே சொன்னான்: "ரெண்டு விதமா எழுதிப் பாத்தேன். அவளை யாரோ தூக்கிட்டுப் போயிட்டாங்கன்னு ஒண்ணு. அவளுக்கு எல்லாமே மறந்துபோச்சுன்னு ஒண்ணு. எதுவும் ஒட்டலை. எடிட்டர் போன் மேல போன் போடறாரு."

"அவ செத்துப்போயிட்டான்னு எழுது," என்றாள் லுத்விகா.

தியோடர் தலை நிமிர்ந்தான்.

"அன்னிக்கே செத்துப்போயிட்டா. பிள்ளையைக் காப்பாத்தப் போயி. அப்ப எல்லாம் சரியா வந்துரும் இல்ல? யாரும் கேக்க மாட்டாங்க."

அவள் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு அவன் முகத்தைப் பார்த்தாள். அப்படி எழுத மாட்டேன் என்று சொல்வான் என்றுதான் இருந்தாள். வேண்டாம்மா, அவ இருக்கட்டும், எங்கேயாவது இருக்கட்டும், பின்னால பாத்துக்கலாம் என்று சொல்வான். அவன் வாயிலிருந்து அது வர எவ்வளவு நேரமானாலும் நிற்கத் தயாராக இருந்தாள்.

தியோடரின் புருவம் சுருங்கியது. விரல் மேஜையைத் தட்டியது. சின்ன வயதில் கணக்குப் போடும்போது அவன் முகம் இப்படித்தான் இருக்கும்.

"முதுகைக் காட்டிட்டுப் போறா, ஏன்னா... கயிறு," என்றான். "வீட்டுக்குக் கயிறு எடுக்க ஓடறா. துணிக்கொடிக் கயிறு! முதல் பக்கத்துல துவைச்சுட்டுத்தான இருந்தா. கயிறை எடுத்துட்டு வந்து, இடுப்புல கட்டிக்கிட்டு, பனியில எறங்கி..." நாற்காலியை டைப்ரைட்டர் பக்கம் இழுத்தான். "அம்மா, இது பொருந்துதும்மா. அப்படியே பொருந்துது."

"ம்."

அவன் அடிக்க ஆரம்பித்தான். லுத்விகா பாத்திரம் தேய்த்தாள். எந்திரம் நிற்காமல் ஓடியது; நடுவே ஒரு தடவை அவன் சீட்டியடித்தது கூடக் கேட்டது. வெயில் இறங்கி எதிர்க் கட்டடத்தின் செங்கல்லில் மஞ்சளாக விழுந்த நேரத்தில் தாளை உருவி எடுத்து, நின்றபடி அவளுக்குப் படித்துக் காட்டினான். அந்த அம்மா கயிறோடு வந்தாள். பெரியவனைக் கட்டி அணைத்து நெற்றியில் முத்தமிட்டாள். "பயப்படாதே, இதோ வந்துடறேன்" என்றாள். பனியில் இறங்கினாள்.

"நல்லாருக்கா?"

"நல்லாருக்கு," என்றாள் லுத்விகா.

ஞாயிற்றுக்கிழமை ரயிலடியில் தியோடர் அவளைக் கட்டிக்கொண்டான். வழக்கமாக ஒரு கையால் தோளைத் தொடுகிறவன், அன்று இரண்டு கையாலும் இறுக்கிக்கொண்டான். அவன் உடம்பிலிருந்து ஏதோ பாரம் இறங்கிப்போயிருந்தது அவளுக்குத் தெரிந்தது. பெற்ற மனம் அதற்குச் சந்தோஷப்பட்டது. ரயில் நகர்ந்த பிறகு, பக்கத்தில் இருந்தவர்கள் பார்க்காதபடி ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து, நெடுநேரம் அழுதாள்.

ஜூலையில் ஸ்பெஷல் வந்தது. டென்னிஸ் கடைக்குள் குதித்துக்கொண்டே வந்தான்.

"சொன்னேன்ல! அம்மா செத்துட்டான்னு நான் சொன்னேன்ல! ஒரு பக்கம் முழுக்கப் போட்டிருக்கான், மிசஸ் கலெவ்ஸ்கி. மழை இல்ல, பனி."

மார்லின் பின்னால் வந்தாள். கண் சிவந்திருந்தது. வழக்கமான ஜாம் பன் வேண்டாம் என்றாள்.

"என்ன கண்ணு? எல்லா ஓட்டையும் அடைச்சுட்டாங்கல்ல? இப்பப் புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது." அவள் கண்ணாடியைச் சுரண்டினாள். "ஆனா முன்னாடி இருந்ததே பரவால்ல. அவ எங்கயோ போயிட்டான்னுதான திட்டிட்டு இருந்தேன். எங்கயோ போனவ ஒரு நாள் வருவா இல்ல? நான் ஒவ்வொரு மாசமும் அதைத்தான் தேடுவேன். கூட்டத்துல எங்கயாவது அந்தப் பின்னல் தெரியுதான்னு. இனிமே எதைத் தேடறது?"

"அடப் போடி, கதைக்கு அழுவுறா," என்றான் டென்னிஸ்.

லுத்விகா ஒரு பன்னை எடுத்துக் காகிதத்தில் சுற்றி அவள் கையில் திணித்தாள்.

அதற்குப் பிறகு தியோடர் ஞாயிற்றுக்கிழமைதோறும் போன் செய்தான். வாசகர்கள் கொண்டாடுகிறார்கள் என்றான். இப்போதெல்லாம் யாரும் அம்மாவைப் பற்றி எழுதிக் கேட்பதில்லை என்றான். தன் கூட வேலை பார்க்கும் லொரெய்ன் என்ற பெண்ணைப் பற்றிச் சொன்னான். படங்களுக்கு நிறம் கொடுக்கிறவள். அவன் சிரிக்கிற சத்தம் கம்பி வழியாக வந்தது. அது அவளுக்குப் பழக்கமில்லாத சத்தம். காதோடு அழுத்திக் கேட்டுக்கொள்வாள்.

நவம்பரில் அந்தப் பெண்ணை அழைத்துக்கொண்டு வந்தான். லுத்விகா வாத்து வாட்டி, சிவப்பு முட்டைக்கோஸும் உருளைக்கிழங்கும் செய்திருந்தாள். லொரெய்ன் கூச்சமில்லாத பெண். வந்ததும் ஷூவைக் கழற்றிவிட்டு உருளைக்கிழங்கு மசிக்க உட்கார்ந்தாள். சாப்பிடும்போது சுவரில் இருந்த படத்தைப் பார்த்தாள்.

"இதுதான் பெனெக்கா?"

"அவனேதான்," என்றான் தியோடர். "பயங்கர வாலு. பாதிரியார் தொப்பிக்குள்ள தவளையை விட்டவன்." அந்தக் கதையைச் சொன்னான். லுத்விகாவுக்கே மறந்துபோயிருந்த கதை. மூவரும் சிரித்தார்கள். இத்தனை வருஷத்தில் அந்த மேஜையில் பெனெக்கின் பெயரை அவன் சொன்னது அதுவே முதல் தடவை.

அப்புறம் அவன் அந்த நாளையும் சொன்னான். நிதானமாக, முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னான். சறுக்கினது, ஊர்ந்து போனது, மேல்சட்டை எட்டாதது.

"நான் கரையில நிக்கறேன். அம்மா ஓடி வந்தா. பாத்தா, அடுத்த நொடி வீட்டுப் பக்கம் திரும்பிட்டா. எனக்கு அப்ப ஒண்ணும் புரியல, சின்னப் பையன். கயிறு எடுக்க ஓடியிருக்கா. துணிக்கொடிக் கயிறு. அதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுபோச்சு."

லுத்விகா மகனைப் பார்த்தாள். விருந்தாளிக்காகப் பூசி மெழுகுகிறவனின் முகம் இல்லை அது. அவளைப் பார்த்து, ஆமாம்தானே என்பதுபோல, சின்னப் பிள்ளை மாதிரிச் சிரித்தான். அவன் கண்ணில் எந்த மறைவும் இல்லை.

லொரெய்ன் மேஜைக்குக் குறுக்கே கை நீட்டி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கை சூடாக இருந்தது.

"பாவம்மா நீங்க," என்றாள். "கயிறு கெடைச்சுதா?"

தியோடரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"கெடைக்கலைம்மா," என்றாள் லுத்விகா. "எங்கெங்கயோ தேடினேன். கெடைக்கல."